வேல்ஸ் மொழியில் ஒரு வணக்கம்



2008-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸீ நகரில் ஒரு சாலைப் பலகை நாட்டப்பெற்றது. கனரக வண்டிகள் இவ்வழியே செல்லலாகாது, இது குடியிருப்புப் பகுதி என்பது அதிலிருந்த ஆங்கில வாசகம். அதன் கீழே அந்நாட்டு மொழியாகிய வெல்ஷில் பொறித்திருந்ததோ முற்றிலும் வேறு. ‘நான் இப்பொழுது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியது ஏதேனும் இருப்பின் அனுப்பிவைக்கவும்’ என்பதே அது. ஆங்கில வாசகத்தை மின்னஞ்சலில் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அன்று அலுவலகத்தில் இல்லை. அவருடைய கணினி தானாகவே அனுப்பிய மறுமொழியை மொழிபெயர்ப்பு என்று கொண்டு, வெல்ஷ் அறியாத ஒருவர் பலகையில் ஏற்றிவிட்டார்.

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பிரிவில் இருபதாண்டுக் காலமாகப் படிவங்களோடும் அறிவிப்புகளோடும் உழன்றுவரும் நாம் இச்செய்தியைப் படித்து வாய்விட்டுச் சிரித்தோம். சிரித்து முடித்த பின்னர் ஓர் எண்ணம் எழுந்தது. ஒரு சாலைப் பலகைக்கும் இரண்டு மொழி வேண்டுமென்று வற்புறுத்துகின்ற அம்மக்கள் யாவர்? அவர்களுடைய மொழி எத்தகையது? இவ்வினாக்களே நம்மை, நாற்பது வயதைக் கடந்த நிலையில், தில்லிக் குளிர்காலத்து இரவுகளில், வெல்ஷ் மொழியின் அரிச்சுவடியைக் கையிலெடுக்கச் செய்தன. அங்ஙனம் கற்ற சில சொற்களையும், அச்சொற்களின் வழியே அறிந்த சில செய்திகளையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

பிரிட்டிஷ் தீவின் மேற்குப் புறத்தே மலையும் கடலும் சூழ அமைந்த சிறு நாடு வேல்ஸ். அதன் மக்கள்தொகை சுமார் 31 லட்சம். ‘வேல்ஸ்’ என்னும் பெயர் ஆங்கிலேயரின் முன்னோர் இட்டது. அதற்கு அயலார் என்பது பொருள். சொந்த நாட்டிலிருந்தவர்களை, வந்து குடியேறியவர்கள் அயலார் என்றழைத்த விந்தை அது. அந்நாட்டார் தம் நாட்டை ‘கம்ரி’ என்கின்றனர். அச்சொல்லின் வேர் ஒரே நாட்டவர், உடன்வாழ்வோர் எனப் பொருள்படுவது. அவர்தம் மொழியின் பெயர் ‘கம்ரைக்’. அது ஆங்கிலத்தின் கிளைமொழியன்று. கெல்டிக் இனத்தைச் சேர்ந்தது. ஆங்கிலம் அத்தீவில் கால்வைக்கும் முன்னரே வழங்கிய பிரித்தானிய மொழியின் வழிவந்தது. பிரான்சு நாட்டின் பிரெத்தோன் மொழியும், தென்மேற்கு இங்கிலாந்தின் கார்னிஷ் மொழியும் அதன் உடன்பிறந்தவை.

இனி, எழுத்துகளைக் காண்போம். வெல்ஷ் மொழி உரோமன் எழுத்துகளாலேயே எழுதப்படுகிறது. ஆயினும் ஆங்கிலம் கற்ற கண்களுக்கு அது பெரும் புதிராகத் தோன்றும். உயிரெழுத்தே இல்லாத சொற்களைப் போல அவை காட்சியளிக்கும். காரணம், ஆங்கிலத்தில் மெய்யெனக் கொள்ளப்படும் ‘டபிள்யூ’ அங்கே உயிரெழுத்து. ‘ஒய்’ என்பதும் உயிரெழுத்தே. எழுத்து மொத்தம் 29. அவற்றுள் எட்டு, இரண்டு உரோமன் எழுத்துகள் சேர்ந்து ஓரெழுத்தாய் நிற்பவை. ஒற்றை ‘எஃப்’ வகர ஒலியைத் தரும். இரட்டை ‘எஃப்’ எழுதினால்தான் ஆங்கில ‘எஃப்’ ஒலி கிடைக்கும். இவ்விதிகளைக் கற்றுக்கொள்ளச் சில நாட்கள் போதும். கற்றபின் ஆங்கிலத்தைப் போல எழுத்தொன்று ஒலியொன்று என்னும் இடர்ப்பாடு பெரும்பாலும் இராது. அழுத்தம் எப்பொழுதும் ஏறக்குறைய ஈற்றயல் அசையிலேயே விழும்.

தமிழருக்கு இங்கே சில வசதிகள் உண்டு. இரட்டை ‘டி’ எழுத்தின் ஒலி, நாம் ‘அது’, ‘இது’ என்னும்போது இயல்பாய் வருகின்ற மெல்லிய தகரமே. ‘சி’யும் ‘எச்’சும் சேர்ந்த எழுத்து, ‘அஃது’ என்பதிலுள்ள ஆய்தத்தை ஒக்கும். வடநாட்டில் வாழும் நேயர்கள், உருது பேசுவோர் ‘கபர்’ என்னும் சொல்லை அடித்தொண்டையிலிருந்து எழுப்புவதை நினைவிற் கொள்ளலாம். ஆனால் இரட்டை ‘எல்’ என்னும் எழுத்து மட்டும் எவரையும் இடறச்செய்வது. லகரத்துக்கு நாவை எங்கே வைப்போமோ அங்கே வைத்துக்கொண்டு, குரலை எழுப்பாமல், மூச்சை மட்டும் நாவின் ஓரங்களின் வழியே சீறவிட வேண்டும். ல, ள, ழ என மூன்றையும் உடைய நமக்கு நான்காவதும் எளிதில் வந்துவிடும் என்று இறுமாந்திருந்தோம். வரவில்லை. ஒரு திங்கள் முழுவதும் வரவில்லை.

வணக்கச் சொற்களிலிருந்து தொடங்குவோம். காலை வணக்கம் ‘போரே டா’. ‘போரே’ என்பது காலை. ‘டா’ என்பது நல்ல. அடைமொழி பெயருக்குப் பின்னே வரும். பிற்பகல் வணக்கம் ‘ப்ரின்ஹௌன் டா’. இரவு விடைபெறும்போது ‘நோஸ் டா’. நாம் முதன்முதல் இச்சொற்களை உரக்கச் சொல்லிப் பழகியபோது, பக்கத்து அறையிலிருந்து நம் மகள் ஓடிவந்து, ‘அப்பா, யாரை டா போட்டுப் பேசுகிறீர்கள்?’ என்று கேட்டாள். அவளுக்கு வயது பத்து. பிறந்ததும் வளர்ந்ததும் தில்லியிலேயே. அந்த ‘டா’வில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை என்று விளக்கினோம். நன்றி என்பது ‘டியோல்ஹ்’. மிக்க நன்றி ‘டியோல்ஹ் அன் வௌர்’. நல்வரவு ‘க்ரோய்சோ’. தெருவில் எதிர்ப்படுவோரை நலம் வினவுவது போல ‘ஷுமை’ என்பர். ஆண்டுதோறும் அக்டோபர் 15-ஆம் நாளை இவ்வொரு சொல்லுக்காகவே ஒதுக்கி, அன்று எந்த உரையாடலையும் வெல்ஷில் தொடங்குங்கள் என்று மக்களை வேண்டிக்கொள்ளும் வழக்கம் 2013 முதல் அங்கே நடைபெற்றுவருகிறது.

வேண்டுகோளுக்குரிய சொற்றொடர் ‘ஓஸ் க்வெலுஹ் அன் தா’ என்பது. அதன் சொற்பொருள், ‘தாங்கள் நன்றெனக் காண்பீராயின்’ என்பதாம். பணிவு ததும்பும் இச்சொற்றொடரை அந்நாட்டார் ரொட்டிக் கடையிலும் பேருந்திலும் நாளெல்லாம் கூறிக்கொண்டிருக்கின்றனர். பிரியும்போது ‘ஹூய்ல்’ என்பர். கப்பலின் பாய்க்கும் அதுவே சொல். உள்ளக் களிப்புக்கும் அதுவே பெயர்.

மேலே ‘நல்ல’ என்பதை ஓரிடத்தில் ‘டா’ என்றும், மற்றோரிடத்தில் ‘தா’ என்றும் கூறியதைச் சிலர் கவனித்திருக்கலாம். அது பிழையன்று. மாலை வணக்கமும் ‘நோஸ்வைத் தா’ என்றே வரும். ‘நோஸ்வைத்’ பெண்பாற் சொல்லாதலின், அதைத் தொடர்ந்து வரும் அடைமொழியின் முதலெழுத்து மென்மையடைகிறது. வெல்ஷ் கற்கப் புகுவோர் அனைவரையும் மருட்டும் இயல்பு இதுவே. சொல்லின் ஈறு மாறுவதைப் பல மொழிகளிற் காண்கிறோம். இம்மொழியில் சொல்லின் முதலே மாறும். பூனைக்குச் சொல் ‘காத்’. ‘உன் பூனை’ என்னும்போது அதன் ககரம், ‘அங்கே’ என்பதிலுள்ள ககரம் போல மென்மையாகும். ‘என் பூனை’ என்றால் ‘ங்ஹாத்’ என மூக்கொலியாகும். ‘அவளுடைய பூனை’ என்றால் ‘ஹாத்’ என மூச்சொலியாகும். கம்ரி நாட்டுக்கு வரவேற்கும் எல்லைப் பலகையில் அந்நாட்டின் பெயர் ககரத்தின் மெல்லொலியோடு எழுதப்பட்டிருக்கும். அந்த எழுத்தில் அகராதியைத் தேடினால் சொல் கிடைக்காது.

இதைக் கண்டு நாமும் முதலில் மருண்டோம். பின்னர் அமர்ந்து சிந்தித்தபோது, நம் வீட்டுப் பொருளே வேற்றுடையில் வந்து நிற்பதை உணர்ந்தோம். ‘கல்’ என்பதில் ககரம் வன்மையாய் ஒலிக்கிறது. ‘அங்கு’ என்பதில் மென்மையாய் ஒலிக்கிறது. ‘அகம்’ என்பதில் மூச்சாய்த் தேய்கிறது. எழுத்து ஒன்றே, ஒலிகள் மூன்று. உயிரெழுத்துகளுக்கு இடையே வல்லொலி தேய்ந்து மெலிவது நம் நாவின் இயற்கை. பண்டைய பிரித்தானிய மொழியினர் நாவிலும் அதுவே நிகழ்ந்தது. அந்தத் தேய்வே பின்னாளில் இலக்கணமாய் உறைந்து நின்றுவிட்டது. தமிழர் ஒலியை மாற்றி எழுத்தை மாற்றாது விட்டனர். வெல்ஷ் மக்கள் எழுத்தையும் மாற்றிவிட்டனர். வேறுபாடு இவ்வளவே. ‘பொன்’னும் ‘தொடி’யும் சேர்ந்து ‘பொற்றொடி’ ஆவதை ஏற்றுக்கொண்ட மாணாக்கன் இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

தேநீர் கேட்கும் சொற்றொடரைப் பாருங்கள். ‘கா இ பானெட் ஓ டே, ஓஸ் க்வெலுஹ் அன் தா’. ஒரு கோப்பைத் தேநீர் பெறலாமா என்பது கருத்து. கோப்பைக்கும் தேயிலைக்கும் உரிய சொற்களின் முதலெழுத்துகள் இத்தொடரில் மென்மையடைந்துள்ளன. ஆனால் தமிழ் எழுத்தில் எழுதும்போது இரண்டு வடிவமும் ஒன்றாகவே தோன்றுகின்றன. அவர்தம் ‘டே’யும், நம் தேயிலையின் ‘தே’யும் சீனத்தின் தென்கரைத் துறைமுகப் பேச்சு வழக்கிலிருந்து கப்பலேறிய ஒரே சொல் என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.

இன்னும் சில ஒற்றுமைகள் உண்டு. வெல்ஷில் ‘நீ’ என்பதற்கு ‘டீ’யும், ‘நீங்கள்’ என்பதற்கு ‘ஹீ’யும் வழங்குகின்றன. பலரைக் குறிக்கும் சொல்லே மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கும்; நம் ‘நீங்கள்’ போலவே. ஆங்கிலத்தின் ‘எஸ்’, ‘நோ’ போல எவ்விடத்தும் செல்லும் ஒற்றைச் சொல் அங்கே இல்லை. வினாவிலுள்ள வினைச்சொல்லையே விடையாகத் திருப்பித் தருவர். ‘ஓய்ஸ் டே?’ என்றால் ‘தேநீர் இருக்கிறதா?’ என்பது, ‘ஓய்ஸ்’ என்றால் ‘இருக்கிறது’ என்பது. ‘வந்தாயா?’ என்றால் ‘வந்தேன்’ என்னும் நமக்கு இதில் வியப்பேது? உடைமையைக் கூறவும் தனி வினை இல்லை. ‘மை கார் கட வீ’ என்பதற்கு ‘ஒரு கார் என்னிடம் இருக்கிறது’ என்பதே சொற்பொருள். ‘கட’ என்னும் சொல் பேச்சுத்தமிழின் ‘கிட்ட’ போல ஒலிப்பது தற்செயலே. ஆயினும் மனத்திலிருத்த அது நமக்கு உதவிற்று. சளி பிடித்தவன் ‘என்மேல் சளி இருக்கிறது’ என்பான்.

வேற்றுமையும் உண்டு. நம் வாக்கியத்தில் வினை இறுதியில் நிற்க, அவர்தம் வாக்கியத்தில் அது முதலிலேயே வந்து நிற்கும். ‘மை ஹீன் புரூ க்லௌ’ என்றால் மழை பெய்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘இருக்கிறாள் அவள் எறிந்து மழையை’ என்றாகும். வானிலையை அவர்கள் ‘அவள்’ என்கின்றனர். மழை மிகுந்த அந்நாட்டில் இச்சொற்றொடர் பயன்படாத வாரம் இராது. அடைமழையாயின், கிழவிகளும் கைத்தடிகளுமாய்ப் பொழிகிறது என்பது அவர்தம் மரபுத்தொடர்.

எண்களுக்கு வருவோம். இன், டை, ட்ரி, பெட்வர், பிம்ப், ஹ்வேஹ், ஸைத், உய்த், நௌ, டேக். இந்தி வழங்கும் ஊர்களிலே கடைத்தெருவில் பேரம் பேசிப் பழகிய நேயர்களுக்கு இவற்றுட் சில பழகிய முகங்களாய்த் தோன்றும். ஒன்பதுக்கு அங்கும் ‘நௌ’, இங்கும் ‘நௌ’. மூன்றுக்கு ‘ட்ரி’ என்பது சமஸ்கிருதத்தின் ‘த்ரி’யே. ‘ஸைத்’ என்பதன் அருகே ‘ஸாத்’ என்பதை வைத்துப் பாருங்கள். இவ்வுறவைக் கண்டு உலகுக்கு உரைத்தவர்களுள் முதன்மையானவர் கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த சர் வில்லியம் ஜோன்ஸ். 1784-இல் ஏசியாடிக் சங்கத்தை நிறுவிய அவர், 1786-இல் அங்கு ஆற்றிய உரையில், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவை ஒரே மூலத்திலிருந்து தோன்றியிருத்தல் வேண்டுமென்றார். கெல்டிக் மொழிகளுக்கும் அவ்வுறவு இருக்கலாமென்றார். அவருடைய தந்தையார் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்ஸீ தீவிற் பிறந்த கணித அறிஞர். வட்டக் கணக்கில் ‘பை’ என்னும் கிரேக்கக் குறியை 1706-இல் முதன்முதல் ஆண்டவர்.

எண்ணும் முறையிலும் ஒரு செய்தி உண்டு. பழைய முறைப்படி பதினொன்று என்பது ‘பத்தின்மேல் ஒன்று’. பதினெட்டு என்பது ‘இரு ஒன்பது’. எண்பது என்பது ‘நான்கு இருபது’. இக்காலப் பள்ளிகளில் ‘இரு பத்து’, ‘மூன்று பத்து’ என எளிமையாய்க் கற்பிக்கின்றனர். அது நம் இருபது, முப்பது போன்றதே. மணி கூறும்போது பழைய முறை இன்றும் வழங்குகிறது.

வீதியில் இறங்கினால் ஒவ்வொரு பலகையும் ஒரு பாடமாகும். வளைவுகளில் தார்ச்சாலை மீதே ‘அராவ்’ என்று எழுதியிருக்கும். மெதுவாக என்பது பொருள். காவல்துறையினர் ‘ஹெத்லி’, அமைதிப் படை என்பது அச்சொல்லின் பொருள். பள்ளிக்கூடம் ‘அஸ்கோல்’, ஏணிக்கும் அதே சொல்லே வழங்குவது எவ்வளவு பொருத்தம்! ஊர்ப்பெயர்களும் அவ்வாறே. ‘அபெர்’ என்பது ஆறு கடலொடு கலக்குமிடம். ‘அபெர்டவே’ என்பது டவே ஆற்றின் முகத்துவாரம். அதுவே ஆங்கிலத்தில் ஸ்வான்ஸீ. ‘கைர்’ என்பது கோட்டை. தலைநகரின் பெயர் ‘கைர்டீத்’. ‘ஹ்லன்’ என்பது தேவாலயத்தைச் சூழ்ந்த ஊர். ‘அவொன்’ என்பது ஆறு. இங்கிலாந்தில் ஏவன் என்னும் பெயருடைய ஆறுகள் உள்ளன. பழங்குடியினரிடம் ‘இது யாது?’ என்று வினவி, ‘ஆறு’ என்ற விடையையே பெயராகக் கொண்டனர் போலும். ஆங்கிள்ஸீ தீவில் 58 உரோமன் எழுத்துகள் கொண்ட ஊர்ப்பெயர் ஒன்று புகழ்பெற்றது. அது 1860-களில் பயணிகளைக் கவர்வதற்காக நீட்டப்பட்ட பெயர். வெல்ஷ் முறைப்படி எண்ணினால் எழுத்துகள் 51 மட்டுமே.

நேயர்களே, இப்பலகைகள் எளிதில் வந்தவை அல்ல. 1536-ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸின் நீதிமன்றங்களில் ஆங்கிலமே வழங்கவேண்டுமென்றும், ஆங்கிலம் அறியாதார் அரசுப் பதவி வகிக்கலாகாதென்றும் விதித்தது. அந்நிலையில் மொழிக்கு உயிரூட்டியவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். வில்லியம் மார்கன் என்னும் குருவானவர் விவிலியம் முழுவதையும் வெல்ஷில் பெயர்த்து 1588-இல் வெளியிட்டார். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஒலித்த அந்நடையே வட்டார வழக்குகளுக்கெல்லாம் பொதுவான எழுத்து நடையாயிற்று. மூலையிலமர்ந்து அகராதி புரட்டும் நம்போன்றோர்க்கு இது பெருமிதம் அளிக்கும் வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பல பள்ளிகளில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. வெல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில், வெல்ஷ் கூடாது எனப் பொருள்படும் இரண்டெழுத்துகள் பொறித்த மரத்துண்டைத் தொங்கவிடுவர். மற்றொரு குழந்தை வெல்ஷ் பேசக் கேட்டால் அதனை அக்குழந்தைக்கு மாற்றிவிடலாம். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அக்குழந்தைக்குப் பிரம்படி. தாய்மொழி பேசும் தோழனைக் காட்டிக்கொடுக்கப் பிள்ளைகளைப் பழக்கிய முறை அது. 1847-இல் அரசாங்க விசாரணை அறிக்கையொன்று, அம்மக்களின் கல்விக் குறைக்கும் ஒழுக்கக் குறைக்கும் அவர்தம் மொழியையே குற்றஞ்சாட்டிற்று. பெற்றோர் மனங்களில் அது ஆழப் பதிந்தது. பிள்ளை முன்னேறவேண்டின் வீட்டில் ஆங்கிலமே பேசவேண்டும் என்று பலர் எண்ணலாயினர். 1911-இல் மக்கள்தொகையில் 43.5 சதவீதத்தினர் வெல்ஷ் பேசினர். 1961-இல் அது 26 சதவீதமாயிற்று.

அக்காலத்தே ஹ்லன்கெனெஹ் என்னும் ஊரில் ட்ரெவர் பீஸ்லி, ஐலீன் பீஸ்லி என்னும் தம்பதியர் வாழ்ந்தனர். ட்ரெவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1952-இல் அவர்களுக்கு உள்ளாட்சி மன்றத்திலிருந்து வீட்டுவரிச் சீட்டு ஆங்கிலத்தில் வந்தது. ஊரார் பெரும்பாலோர் வெல்ஷ் பேசுவோர். மன்ற உறுப்பினர்களும் அவ்வாறே. ஆதலின் சீட்டு வெல்ஷில் வந்தால் வரி செலுத்துவோம் என்றனர் அவர்கள். மன்றம் இணங்கவில்லை. பலமுறை வழக்கு மன்றம் ஏறினர். அமீனா வந்து வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள்களைத் தூக்கிச் சென்றார். எட்டாண்டுகள் கழித்து, 1960-இல், இருமொழிச் சீட்டு வந்தது. ஒரு வரிச்சீட்டு! நம் மேசையில் நாள்தோறும் வந்து குவியும் படிவங்களை இவ்வரலாறு அறிந்த பின்னர் நாம் சலிப்போடு நோக்குவதில்லை.

1962-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள், நாடகாசிரியர் ஸாண்டர்ஸ் லூயிஸ் பி.பி.சி. வானொலியில் ‘மொழியின் விதி’ என்னும் பொருளில் வெல்ஷில் உரையாற்றினார். இந்நிலை தொடருமாயின் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் வாழும் மொழியாய் இராது என எச்சரித்த அவர், பீஸ்லி தம்பதியரையே எடுத்துக்காட்டாய்ச் சுட்டினார். அவ்வுரையின் விளைவாய் அவ்வாண்டிலேயே வெல்ஷ் மொழிச் சங்கம் தோன்றிற்று. இளைஞர்கள் ஆங்கிலப் பலகைகளுக்கு வண்ணம் பூசிச் சிறை சென்றனர். 1967, 1993 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் வந்தன. 1977-இல் தனி வானொலி நிலையமும், 1982-இல் தொலைக்காட்சி நிலையமும் அமைந்தன. 2011-இல் அது ஆட்சிமொழித் தகுதி பெற்றது. 2022-இல், அந்நாட்டின் மிகவுயர்ந்த சிகரத்தை ‘ஸ்நோடன்’ என்னாது, ‘அர் உய்த்வா’ என்னும் சொந்தப் பெயராலேயே வழங்குவதெனத் தேசியப் பூங்காவினர் முடிவுசெய்தனர்.

ஆயினும் போராட்டம் முடிந்துவிட்டதென்று எண்ணற்க. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம், மக்கள்தொகையில் 17.8 சதவீதம். 2050-க்குள் இத்தொகையைப் பத்து லட்சமாக்குவது என்பது 2017-இல் அந்நாட்டரசு மேற்கொண்ட குறிக்கோள். பிறக்கும் குழந்தைகளைக் கொண்டு மட்டும் அது கைகூடாது; புதிதாய்க் கற்போர் வேண்டும். லின் தீபகற்பத்திலே, கல்வெட்டும் தொழில் நின்று பாழடைந்து கிடந்த நன்ட் க்வர்தெய்ர்ன் என்னும் கடற்கரைச் சிற்றூரை 1978-இல் ஓர் அறக்கட்டளை வாங்கி, முதியோர்க்கு மொழி கற்பிக்கும் இடமாய் மாற்றியது. 2016-இல் கற்போர்க்கெனத் தேசிய நிலையம் ஏற்பட்டது; அவ்வாண்டே கைப்பேசி வழியாகவும் பாடங்கள் வந்தன. வெல்ஷ் பேசும் கடைக்காரரும் செவிலியரும் ஆரஞ்சு நிற வில்லையொன்றை அணிகின்றனர். இன்னும் கற்றுக்கொண்டிருப்போருக்கென்று தனி வில்லையும் உண்டு. பிழைபடப் பேசினாலும் என்னோடு பேசுங்கள் என்பதே அதன் வேண்டுகோள்.

இத்தகைய வில்லை ஏன் வேண்டும்? கற்போர் அனைவரும் கூறும் குறை ஒன்று உண்டு. தட்டுத்தடுமாறி ‘போரே டா’ என்று தொடங்கி, இரண்டாம் வாக்கியத்தில் இடறியவுடனே, கேட்பவர் இரக்கத்தினால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். அவர் எண்ணம் நல்லதே. ஆனால் கற்பவனுடைய வாய் அத்தோடு அடைபட்டுவிடுகிறது.

இதை நாம் நேரில் உணர்ந்தோம். கணினி வழியே நடைபெற்ற வகுப்பொன்றில் சேர்ந்திருந்தோம். அங்கே மாலை 5 மணி; இங்கே இரவு 10.30. அலுவலகத்தில் பிறர் எழுத்தைத் திருத்துவதே தொழிலாய்க் கொண்ட நாம், ‘டு இன் டஸ்கி கம்ரைக்’, அதாவது ‘நான் வெல்ஷ் கற்கிறேன்’ என்னும் ஒரு வரியைச் சொல்வதற்குள் வியர்த்தோம். இடையே நா நின்றுவிட்டது. ஆசிரியை சிரிக்கவுமில்லை, ஆங்கிலத்துக்கு மாறவுமில்லை, சொல்லை எடுத்துக்கொடுக்கவுமில்லை. காத்திருந்தார். ஒரு நிமிடம் இருக்கலாம். நமக்கு அது மிக நீண்டதாய்த் தோன்றிற்று. சொல் கோணலாய் வெளிவந்தது. ‘டியோல்ஹ்’ என்றார் அவர்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அதற்கு முந்திய கோடையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, நம் மகள் தன் பாட்டியிடம் ‘வாழைப்பழம்’ என்று கேட்க முயன்று ‘வாலைப்பலம்’ என்றாள். கூடத்திலிருந்த அத்தையும் சித்தப்பாவும் சிரித்தனர். நாமும் சிரித்தோம். அதன்பின் அவள் அங்கே ஒரு வாரம் தமிழில் வாய்திறக்கவில்லை. கேட்டவற்றுக்கெல்லாம் இந்தியிலேயே விடையளித்தாள். ‘தில்லிப் பெண், வேறென்ன செய்வாள்!’ என்று நாமே அவளுக்காகப் பரிந்து பேசி, அவளோடு இந்திக்கு மாறிவிட்டோம். யாரும் அவள் கழுத்தில் மரத்துண்டு கட்டவில்லை, சிரிப்பே போதுமானதாயிருந்தது.

1865-இல் சுமார் 150 வெல்ஷ் மக்கள் ‘மிமோசா’ என்னும் கப்பலேறி, தென்னமெரிக்காவில் அர்ஜென்டினா நாட்டின் படகோனியாப் பகுதியிற் குடியேறினர். மொழியைக் காத்துக்கொள்ள இடம் தேடிச் சென்றவர்கள் அவர்கள். சுற்றிலும் ஸ்பானிய மொழி சூழ்ந்த அந்நாட்டில், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரும் சுபுட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெல்ஷ் பேசுவோர் உள்ளனர். 1997 முதல் ஆண்டுதோறும் வேல்ஸிலிருந்து ஆசிரியர்கள் அங்கே அனுப்பப்படுகின்றனர். பிறந்த ஊரை நினைந்துருகும் ஏக்கத்துக்கு வெல்ஷில் ‘ஹிரைத்’ என்று பெயர். அதை மொழிபெயர்க்கவே இயலாது என்று அவர்கள் பெருமையாகக் கூறுவர். தாயகத்தை விட்டு வந்து வாழும் நேயர்களுக்கு அதை விளக்க வேண்டுவதில்லை. ஆனால் ஏக்கத்தினால் மட்டும் ஒரு மொழி வாழ்ந்துவிடுவதில்லை. தேநீர் கேட்பதற்கும், மழை பெய்கிறது என்பதற்கும், பூனை எங்கே என்பதற்கும் அது நாள்தோறும் பயன்பட வேண்டும். பயன்படுத்துவோர் பிழை செய்யவும் இடமிருத்தல் வேண்டும்.

இப்பொழுது நம் இல்லத்தில் இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் இரு மாணாக்கர் அமர்கின்றனர். ஒருவர் இரட்டை ‘எல்’லோடு மல்லாடுகிறார், மற்றொருவர் ழகரத்தோடு மல்லாடுகிறார். ஒருவர் பிழையை மற்றவர் கண்டு சிரிக்கும் உரிமை இருவருக்கும் சமமாய் உண்டு. ஆனால் சொல் வெளிவரும் வரை காத்திருப்பது என்பது விதி. நமக்கு அந்த ஒலி இப்பொழுது பத்துக்கு ஆறு முறை வருகிறது. அவளுக்கு ழகரம் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. தம் வீடுகளில் இத்தகைய மாணாக்கரை உடைய நேயர்கள், பிள்ளையின் நா இடறும் அந்த ஒரு நிமிடத்தில் வேறு மொழிக்கு மாறிவிடாமல் காத்திருந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.